தோற்றபோது மட்டும் பெயர் வந்தது! - கூடைப்பந்து துணைப் பயிற்சியாளர்களின் கதை

தொட்டியம் மதுரை காளியம்மன் கோயில் பங்குனித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே தேர் உருண்டு வராது, தோளில் ஏறித்தான் வரும். வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த அந்தக் காவிரிக்கரை ஊரில் அத்தனை உயரத் தேரை ஆட்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து போவார்கள். மறுநாள் செய்தித்தாளில் தேரின் படம் பெரிதாக வரும். தோள் கொடுத்தவர்கள் பெயர் ஒன்றும் வராது.

விளையாட்டிலும் இப்படித் தோள் கொடுக்கும் வேலை ஒன்று இருக்கிறது. கூடைப்பந்து அணியின் துணைப் பயிற்சியாளர் வேலை.

டி.வி.யில் அமெரிக்காவின் என்.பி.ஏ. ஆட்டம் பார்த்திருப்பீர்கள். ஆடுகளத்தின் ஓரத்தில் நின்று கையை ஆட்டிக் கத்துபவர் தலைமைப் பயிற்சியாளர். கேமரா அவரைத்தான் சுற்றும். அவருக்குப் பின்னால் நாற்காலியில் மூன்று நான்கு பேர் மடியில் காகிதக்கட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். டைம் அவுட் கேட்டதும் ஒருவர் ஓடிவந்து சின்னப் பலகையையும் மார்க்கர் பேனாவையும் நீட்டுவார். இன்னொருவர் ஒரு வீரரின் காதில் ஏதோ சொல்வார். அவர்களில் ஒருவரின் பெயரையாவது கேட்டால், தீவிர ரசிகர்களே யோசிப்பார்கள்.

அந்த நாற்காலியில் பல ஆண்டுகள் உட்கார்ந்துவிட்டு, பிறகு இந்தியாவுக்கே வந்து சேர்ந்த ஒருவர் உண்டு. அவர் பெயர் கென்னி நாட்.

ஜோர்டான் பந்தை எறிந்தபோது

அமெரிக்காவின் லூசியானா மாநிலம், மன்றோ ஊர்க்காரர் கென்னி நாட். பிறந்தது 1958. அண்ணன் கால்வின் நாட் பெரிய ஆட்டக்காரர். 1985-ல் என்.பி.ஏ.வின் ஆல் ஸ்டார் ஆட்டம் வரை போனவர். கென்னியையும் 1980-ல் இண்டியானா பேசர்ஸ் அணி இரண்டாவது சுற்றில், 30-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அவர் கால் அங்கே ஊன்றவில்லை. என்.பி.ஏ.வில் அங்கும் இங்குமாகச் சொற்ப ஆட்டங்கள், மீதி வருடங்கள் சின்ன லீக்குகளில். பேருந்தில் ஊர் ஊராகப் போய், பாதி காலியான அரங்குகளில் ஆடும் வாழ்க்கை.

இப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் நல்ல துணைப் பயிற்சியாளர் ஆகிறார்கள். திறமை கொட்டிக் கிடந்தவர்களுக்கு அதை இன்னொருவருக்குச் சொல்லித்தரத் தெரிவதில்லை. அவர்களுக்கு அது தானாக வந்துவிட்டது. பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றவனுக்குத்தான் எந்தக் கால் முன்னே போக வேண்டும், எந்தத் தோள் திரும்ப வேண்டும் என்பது வார்த்தையாக வரும்.

1995-ல் யூட்டா ஜாஸ் அணியில் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தார் நாட். தலைமைப் பயிற்சியாளர் ஜெர்ரி ஸ்லோன். அணியில் கார்ல் மலோன், ஜான் ஸ்டாக்டன் என்று இரண்டு மலைகள். 1997-லும் 1998-லும் ஜாஸ் இறுதிப்போட்டிக்குப் போனது. இரண்டு முறையும் எதிரே சிகாகோ புல்ஸ், அதாவது மைக்கேல் ஜோர்டான். இரண்டு முறையும் 4-2 என்ற கணக்கில் தோல்வி.

1998 ஜூன் 14 அன்று சால்ட் லேக் சிட்டியில் நடந்த கடைசி ஆட்டத்தைக் கூடைப்பந்து தெரிந்தவர்கள் இன்றும் பேசுவார்கள். முடிய 5.2 நொடி இருக்கையில் ஜோர்டான் எறிந்த பந்து கூடையில் விழுந்தது. 87-86. அந்தப் படம் உலகம் முழுவதும் சுவர்களில் ஒட்டப்பட்டது. பந்து கூடைக்குப் போவதை வெறித்துப் பார்த்த ஜாஸ் பெஞ்சில் கென்னி நாட்டும் இருந்தார்.

2004-ல் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ் அணிக்குப் போனார். அங்கே லெப்ரான் ஜேம்ஸ் என்ற பையன் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தான். 2007-ல் அந்த அணியும் இறுதிப்போட்டிக்கு வந்தது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸிடம் 4-0 என்று மொத்தமாகத் தோற்றது. ஆக, மூன்று இறுதிப்போட்டிகள். ஒரு கோப்பைகூட இல்லை. ஆனால் மூன்று முறை அந்த மேடைக்கு வந்த அணிகளின் பெஞ்சில் இருந்தவர் என்பது அந்தத் தொழிலில் சின்னத் தகுதி அல்ல.

அந்த நாற்காலியில் என்ன வேலை?

என்.பி.ஏ.வில் ஒரு அணி ஒரு சீசனில் 82 ஆட்டம் ஆட வேண்டும். சில வாரங்களில் அடுத்தடுத்த இரண்டு இரவுகளில், இரண்டு ஊர்களில் ஆட்டம் இருக்கும். எதிரணியைப் பற்றி யோசிக்கத் தலைமைப் பயிற்சியாளருக்கு நேரம் ஏது? அங்கேதான் துணைப் பயிற்சியாளர்கள் வருகிறார்கள். எதிரணிகளைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வார்கள். இன்ன அணி உன்னுடையது, இன்ன அணி என்னுடையது என்று. தனக்கு வந்த அணியின் கடைசிச் சில ஆட்டங்களின் வீடியோவை ஒருவர் உட்கார்ந்து தேய்த்துவிடுவார். எதிரணியின் உயரமான ஆள் இடது பக்கம் திரும்பித்தான் எறிவான், அவர்களின் பயிற்சியாளர் விரலை இப்படிக் காட்டினால் இந்த ஆட்டமுறை வரும், நான்காவது கால் பகுதியில் பந்து யார் கைக்குப் போகும்... எல்லாம் குறிப்பாக வேண்டும். அதைப் பத்து நிமிடத்தில் வீரர்களுக்குப் புரியும்படி சொல்லவும் வேண்டும். பக்கம் பக்கமாக எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். கல்யாண வீட்டில் சமையல்காரருக்குச் சாமான் பட்டியல் எழுதுவது போல, தேவையானது மட்டும், அளவோடு.

ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொரு வீரரோடும் தனித்தனிப் பயிற்சி. பந்தைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே திருத்துவது. மனசு சரியில்லாத வீரன் தலைமைப் பயிற்சியாளரிடம் பேசப் பயப்படுவான். துணைப் பயிற்சியாளரிடம் கொட்டிவிடுவான். கூட்டுக் குடும்பத்தில் அப்பாவிடம் சொல்ல முடியாததைச் சித்தப்பாவிடம் சொல்வதில்லையா, அப்படி.

ஆட்டம் நடக்கும்போது யாருக்கு எத்தனை ஃபவுல், எத்தனை டைம் அவுட் மிச்சம் என்ற கணக்கும் பெஞ்சின் பொறுப்பு. இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபிபாவின் விதிப்படி, தலைமைப் பயிற்சியாளரும் முதல் துணைப் பயிற்சியாளரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கக் கூடாது. ஒருவர் நின்றால் மற்றவர் உட்கார வேண்டும். டைம் அவுட் கேட்கும் உரிமை இந்த இருவருக்கு மட்டும்தான். பெஞ்சில் இருக்கும் துணைப் பயிற்சியாளர் நடுவரிடம் தகராறு செய்து டெக்னிகல் ஃபவுல் வாங்கினால், அது தலைமைப் பயிற்சியாளரின் கணக்கில்தான் ஏறும். கீழே இருப்பவர் செய்த தப்புக்கு மேலே இருப்பவர் பொறுப்பு என்று விதிப்புத்தகம் சொல்கிறது. நிஜத்தில் நடப்பதைப் பார்த்தால் அந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் கொஞ்சம் அப்பாவிகளோ என்று தோன்றும்.

58 ஆட்டங்கள்

2007-ல் கென்னி நாட் சாக்ரமெண்டோ கிங்ஸ் அணிக்கு வந்தார், மறுபடியும் துணைப் பயிற்சியாளராக. தலைமை ரெஜி தியஸ். 2008-09 சீசன் தொடங்கியதும் அணி சரிந்தது. 24 ஆட்டத்தில் வெற்றி 6, தோல்வி 18. டிசம்பர் மாதம் தியஸை நீக்கினார்கள்.

தலைமைப் பயிற்சியாளரை அனுப்பினால் அவரோடு வந்த துணையாட்களும் பெட்டி கட்டுவதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். சில சமயம், சீசன் நடுவில் புது ஆள் கிடைக்காதபோது, அவர்களில் ஒருவரைப் பிடித்து 'இடைக்காலப் பயிற்சியாளர்' என்று நிற்க வைப்பார்கள். அந்த முறை கை நீண்டது நாட்டை நோக்கி. இத்தனை வருடம் காத்திருந்த பதவி. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

வந்தது என்னவோ மூழ்கிக்கொண்டிருந்த படகு. பிப்ரவரி 2009-ல் பிராட் மில்லர், ஜான் சால்மன்ஸ் என்ற இரண்டு முக்கிய ஆட்டக்காரர்களை நிர்வாகம் வேறு அணிக்கு மாற்றிவிட்டது. செலவைக் குறைக்க வேண்டும், அடுத்த வருடத்துக்கு இளைஞர்களைச் சேர்க்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அன்றன்றைக்குத் தோற்பது பயிற்சியாளரின் கணக்கு. நாட்டின் கீழ் அணி ஆடியது 58 ஆட்டங்கள். வென்றது 11, தோற்றது 47. மொத்த சீசனும் 17-65. அந்த ஆண்டு என்.பி.ஏ.விலேயே கடைசி. சீசன் முடிந்த கையோடு ஏப்ரலில் நாட்டையும் அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்கும் புள்ளிவிவரப் பக்கத்தில் கென்னி நாட் என்று தேடினால், பயிற்சியாளர் என்ற இடத்தில் எதிரே நிற்பது 11-47 மட்டும்தான். ஜாஸ் அணியில் அவர் சேர்த்த ஆண்டுகள், மலோனும் ஸ்டாக்டனும் ஆடிய இறுதிப்போட்டிகள், லெப்ரானின் முதல் இறுதிப்போட்டி... இவை ஒன்றும் அந்தப் பத்தியில் வராது. துணைப் பயிற்சியாளருக்கு வெற்றி, தோல்விக் கணக்கே கிடையாது. அது தலைமைப் பயிற்சியாளருக்கு மட்டும்.

சம்பளம் 16,000 டாலர்

இதே கதை இன்னும் கொடுமையாக நடந்தது இன்னொருவருக்கு. பீட் காடெட். இவர் கல்லூரிக் கூடைப்பந்துக்காரர். அமெரிக்காவில் கல்லூரி அணி என்றால் நம்மூர் கல்லூரி டீம் மாதிரி நினைத்துவிடக் கூடாது. ஆயிரக்கணக்கான ரசிகர்கள், டி.வி. ஒளிபரப்பு, பெரும்பணம்.

வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 1983 முதல் துணைப் பயிற்சியாளர் காடெட். தலைமை மைக் ஷஷெவ்ஸ்கி. எழுதவும் உச்சரிக்கவும் கஷ்டமான பெயர் என்பதால் அமெரிக்கர்களே 'கோச் கே' என்று சுருக்கிவிட்டார்கள். உயரமான ஆட்டக்காரர்களுக்குப் பயிற்சி தருவதில் காடெட் கெட்டி. டேனி ஃபெர்ரி, கிறிஸ்டியன் லேட்னர் எல்லாம் அவர் கையில் பயின்றவர்கள். 1991, 1992 இரண்டு ஆண்டும் டியூக் தேசிய சாம்பியன். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஜோர்டான் ஆடிய 'ட்ரீம் டீம்' அணியில் சேர்க்கப்பட்ட ஒரே கல்லூரி மாணவர் லேட்னர்தான்.

அந்த 1992-லேயே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு துணைப் பயிற்சியாளருக்கு வருடத்துக்கு 16,000 டாலருக்கு மேல் சம்பளம் தரக் கூடாது. 12,000 கல்வியாண்டுக்கு, 4,000 கோடைப் பயிற்சி முகாம்களுக்கு. செலவைக் குறைக்கிறோம், புதியவர்களுக்கு வாய்ப்புத் தருகிறோம் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் பல இடங்களில் அந்த நாற்காலியில் இருந்தது புதியவர்கள் அல்ல, பத்து இருபது ஆண்டு பழுத்தவர்கள். டியூக்கில் அந்த நாற்காலி காடெட்டுடையது. இரண்டு தேசியக் கோப்பை வென்ற அணியில், மாதக் கணக்கில் பார்த்தால் 1,300 சொச்சம் டாலர்.

1994-95 சீசனில் கோச் கே-க்கு முதுகில் அறுவை சிகிச்சை. சீக்கிரமே வேலைக்குத் திரும்பினார், உடம்பு தாங்கவில்லை. 12 ஆட்டம் முடிந்து, 9 வெற்றி 3 தோல்வி என்ற நிலையில் ஜனவரியில் விடுப்பில் போனார். மீதி சீசனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லப்பட்டவர், 16,000 டாலர் காடெட்.

அணி நொறுங்கியது. நெருங்கி வந்து தோற்ற ஆட்டங்களும் சேர்ந்து 4 வெற்றி, 15 தோல்வி. டியூக் அந்த ஆண்டை 13-18 என்று முடித்தது. இங்கேதான் வேடிக்கை. அந்த 4-15 காடெட்டின் பெயரில் எழுதப்பட்டது. கோச் கே-யின் கணக்கில் அந்த ஆண்டு 9-3 மட்டும். 2022-ல் அவர் ஓய்வுபெறும்போது 1,202 வெற்றிகள். ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் அப்போது அதுவே சாதனை. உடம்பு முடியாமல் வீட்டில் படுத்திருந்தவர் பெயரில் தோல்வியை எழுதுவது நியாயமா என்று ஒரு தரப்பு கேட்கும். அணியைச் சேர்த்ததும் தயார் செய்ததும் அவர்தானே என்று மறு தரப்பு கேட்கும். இரண்டிலும் நியாயம் உண்டு. அந்த சீசன் முடிந்ததும் காடெட் டியூக்கை விட்டு வெளியேறினார் என்பதுதான் நடந்தது.

சம்பள உச்சவரம்பு மட்டும் கோர்ட்டுக்குப் போனது. பாதிக்கப்பட்ட துணைப் பயிற்சியாளர்கள் சேர்ந்து தொடுத்த வழக்கில், சம்பளத்தை இப்படிக் கூட்டுச் சேர்ந்து அமுக்குவது சட்டவிரோதம் என்று 1995-ல் கன்சாஸ் நீதிமன்றம் சொன்னது. 1998-ல் ஜூரி 2 கோடியே 23 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. சட்டப்படி அது மூன்று மடங்கானது, 6 கோடியே 69 லட்சம். கடைசியில் 1999-ல் 5 கோடியே 45 லட்சம் டாலருக்கு என்.சி.ஏ.ஏ. சமரசத்துக்கு வந்தது. பெயர் தெரியாத நாற்காலிக்காரர்கள் ஒன்றாக எழுந்து நின்ற ஒரே ஆட்டம் அது. வென்றுவிட்டார்கள்.

காடெட் அதன்பின் பெண்கள் கூடைப்பந்துப் பக்கம் போனார். வேண்டர்பில்ட், பிறகு ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணிகளில் மறுபடியும் துணைப் பயிற்சியாளர்.

2011: இரண்டு பேரும் இந்தியாவில்

2010-ல் இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம், ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. இந்தியாவைப் பெரிய சந்தையாகப் பார்த்த என்.பி.ஏ.வும் இங்கே ஆள் அனுப்பத் தொடங்கியிருந்தது. அந்த வேகத்தில் 2011-ல் இந்திய ஆண்கள் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தவர் கென்னி நாட். பெண்கள் அணிக்கு வந்தவர் பீட் காடெட்.

யோசித்துப் பார்த்தால் ஆச்சரியம். அமெரிக்காவில் 11-47, 4-15 என்று முத்திரை குத்தப்பட்ட இரண்டு பேர், ஒரே ஆண்டில், ஒரே நாட்டில், முழுமையான தலைமைப் பொறுப்பில். பெரிய வெற்றியாளர்களை அழைக்க இந்தியாவிடம் பணமும் இல்லை, அவர்களுக்கு வரும் எண்ணமும் இல்லை. ஆனால் இந்தியாவுக்கு அப்போது தேவைப்பட்டதும் அவர்கள் அல்ல. ஒரு வீரரின் காலை எங்கே வைக்க வேண்டும் என்பதிலிருந்து தொடங்கக் கூடிய பொறுமை வேண்டியிருந்தது. அது துணைப் பயிற்சியாளர்களிடம்தான் கிடைக்கும்.

காடெட் வந்தபோது பெண்கள் அணியின் முதுகெலும்பு, சென்னையில் தெற்கு ரயில்வேக்கு ஆடிய இரண்டு பேர். ஒருவர் கேரளத்தின் கீத்து அன்னா ஜோஸ்; 2011-ல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் சில அவரை அழைத்துத் தேர்வு நடத்தின, இந்தியப் பெண் ஒருவருக்கு அது முதல்முறை. இன்னொருவர் சென்னையின் அனிதா பால்துரை. 19 வயதில் இந்தியக் கேப்டன் ஆனவர், பின்னாளில், 2021-ல், பத்மஸ்ரீ பெற்றவர். உயரமான ஆட்டக்காரர்களைச் செதுக்குவதில் பெயர் எடுத்த காடெட்டுக்கு ஆறடியைத் தாண்டிய கீத்து போன்ற ஆள் கிடைத்தது நல்ல பொருத்தம்.

இரண்டு பேரும் நீண்ட நாள் இருக்கவில்லை. நாட்டின் அணி 2011 செப்டம்பரில் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 16 அணிகளில் 14-வது இடம் பிடித்தது. அவர் 2012-ல் விலகினார். காடெட்டும் போய்விட்டார். 2013-ல் பாங்காக்கில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் 5-வது இடம் பிடித்தபோது, அதுவரை இல்லாத உயரம் அது. அப்போது பெஞ்சில் வேறு ஆட்கள்.

நாட்டுக்குப் பின் 2012 இறுதியில் வந்த ஸ்காட் ஃபிளெமிங்கும் அதே நாற்காலியிலிருந்து வந்தவர்தான். ஒஹையோவில் ஒரு சின்னக் கல்லூரியில் நெடுநாள் பயிற்சியாளராக இருந்துவிட்டு, என்.பி.ஏ.வுக்கு ஆள் தயார் செய்யும் கீழ்நிலை லீக்கில் டெக்சஸ் லெஜண்ட்ஸ் அணிக்குத் துணைப் பயிற்சியாளர். அங்கே அவருக்கு முதலில் தலைமையாக இருந்தவர் ஒரு பெண், நான்சி லீபர்மேன். ஆண்கள் அணி ஒன்றுக்குப் பெண் தலைமை என்பது அப்போது பெரிய செய்தி.

ஃபிளெமிங் பொறுமையாக வேலை செய்தார். 2013 மணிலாவில் ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியா 11-வது இடம். பிறகு 2014 ஜூலை. மறுபடியும் அதே வூஹான். ஆசியக் கோப்பையில் இந்தியா, சீனாவை, சீன மண்ணில், 65-58 என்று வீழ்த்தியது. ஆசியக் கூடைப்பந்தின் சக்கரவர்த்தியை இந்தியா வென்றது அதுவே முதல்முறை. விஷேஷ் பிருகுவன்ஷி, அம்ஜ்யோத் சிங், அம்ரித்பால் சிங் எல்லாம் ஆடிய அணி. கிரிக்கெட்டில் இப்படி ஒன்று நடந்திருந்தால் பட்டாசுக் கடை காலியாகியிருக்கும். கூடைப்பந்து என்பதால் பல செய்தித்தாள்களில் விளையாட்டுப் பக்கத்தின் கீழ் மூலையோடு முடிந்தது.

ஃபிளெமிங் 2015-ல் அந்தப் பொறுப்பை விட்டாலும் இந்தியாவை விடவில்லை. 2017-ல் டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் என்.பி.ஏ. அகாடமி தொடங்கியபோது, அதன் தொழில்நுட்ப இயக்குநர் அவர்தான்.

பின்வரிசையிலேயே வாழ்ந்தவர்

எல்லோரும் தலைமை நாற்காலிக்கு ஏங்குவதில்லை. டெக்ஸ் வின்டர் என்று ஒரு கிழவர் இருந்தார். 1970-களின் தொடக்கத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தலைமைப் பயிற்சியாளராக முயன்றார், நிலைக்கவில்லை. பிறகு சிகாகோ புல்ஸிலும் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸிலும் பில் ஜாக்சனுக்குத் துணையாக உட்கார்ந்தார். ஜோர்டானும் பின்னாளில் கோபி பிரையன்ட்டும் ஆடிய 'முக்கோண' ஆட்டமுறையை அந்த அணிகளுக்குக் கொண்டுவந்தவர் அவரே. துணைப் பயிற்சியாளராகவே 9 சாம்பியன் மோதிரங்கள். கூடைப்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் 2011-ல் வந்தபோது வயது 89.

பெக்கி ஹாமன் கதை வேறு மாதிரி. 2014-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை முழுநேரத் துணைப் பயிற்சியாளராக எடுத்தது. சம்பளத்தோடு முழுநேரம் அந்த வேலைக்கு வந்த முதல் பெண். 2020 டிசம்பர் 30 அன்று தலைமைப் பயிற்சியாளர் கிரெக் பொபோவிச்சை நடுவர்கள் வெளியேற்ற, மீதி ஆட்டத்தை நடத்தினார். என்.பி.ஏ. ஆட்டத்தில் ஒரு பெண் அணியை நடத்தியது அன்றுதான் முதல்முறை. பின்னர் லாஸ் வேகஸ் ஏசஸ் பெண்கள் அணியின் தலைமைக்குப் போய் 2022, 2023 இரண்டு ஆண்டும் கோப்பை வென்றார்.

நாட் வேலை இழந்த அதே சாக்ரமெண்டோ கிங்ஸில் 2019-ல் துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தவர் ராய் ராணா. கனடாவின் இந்திய வம்சாவளிக்காரர். பள்ளி அணி, பல்கலைக்கழக அணி என்று ஏறி, 2017-ல் கனடாவின் 19 வயதுக்குட்பட்டோர் அணியை உலகச் சாம்பியன் ஆக்கியவர். கிங்ஸின் உரிமையாளரான விவேக் ரணதிவே மும்பையில் பிறந்தவர். 2019 அக்டோபரில் மும்பையில் நடந்த இந்தியாவின் முதல் என்.பி.ஏ. ஆட்டங்களுக்குக் கிங்ஸ் வந்தபோது பெஞ்சில் ராணா இருந்தார். இந்தியானா பேசர்ஸுக்கு எதிராக முதல் ஆட்டம் கூடுதல் நேரம் வரை போய் 132-131 என்று கைநழுவியது.

திருச்சிப் பக்கம் ஒரு பையனோ பெண்ணோ நினைத்தால்?

தமிழ்நாட்டில் பல ஊர்ப் பள்ளிகளில் இரும்புக் கம்பமும் சிமெண்ட் தரையுமாக ஒரு கூடைப்பந்து ஆடுகளம் உண்டு. பி.டி. வாத்தியார் ஒருவரே கபடி, வாலிபால், ஓட்டம், கூடைப்பந்து எல்லாம் பார்ப்பார். தலைமையும் அவர்தான், துணையும் அவர்தான், பந்துக்குக் காற்றடிப்பவரும் அவர்தான்.

இந்த வேலைக்கு வர உயரம் தேவையில்லை. ஐந்தரை அடி இருப்பவரும் வரலாம். பி.பி.எட். படிப்பு பள்ளி வேலைக்கு வழி. பயிற்சியாளராகவே வாழ நினைப்பவர்கள் பார்க்க வேண்டியது 'என்.ஐ.எஸ்.' டிப்ளமோ. 1961-ல் தொடங்கிய பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனம் தருவது அது. மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், ரயில்வே போன்ற இடங்களில் பயிற்சியாளர் வேலைக்கு அந்தச் சான்றிதழுக்குத் தனி மதிப்பு. அதற்கும் முன்னால் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. திருச்சி அண்ணா விளையாட்டரங்கம் மாதிரி இடங்களில் போட்டி நடக்கும்போது ஸ்கோர் ஷீட் எழுத ஆள் தேவைப்படும். ஒரு ஆட்டத்தை முழுதாக எழுதினால், யார் எப்போது களைத்தார்கள், எந்த ஃபவுலில் ஆட்டம் திரும்பியது என்பதெல்லாம் கண்ணில் விழத் தொடங்கும். துணைப் பயிற்சியாளரின் வேலையில் பாதி அதுதான். மீதிப் பாதிக்கு இன்று செல்போன் போதும். தங்கள் அணியின் ஆட்டத்தை ஓரத்தில் நின்று வீடியோ எடுத்து, இரவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். மயாமி ஹீட் அணிக்கு 2012, 2013-ல் கோப்பை வாங்கித் தந்த எரிக் ஸ்போல்ஸ்ட்ரா, 1995-ல் அதே அணியில் ஆட்ட வீடியோக்களை வெட்டி ஒட்டும் வேலையில்தான் சேர்ந்தார்.

வருமானம் பற்றி ஆசை காட்ட முடியாது. இந்தியாவில் கூடைப்பந்து லீக்குகள் வருகின்றன, நிற்கின்றன, மறுபடி வருகின்றன. 2022-ல் தொடங்கிய இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக்கில் சென்னை ஹீட் என்று ஓர் அணியும் உண்டு. துணைப் பயிற்சியாளர் வேலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது இங்கே இன்னும் கடினம். பள்ளியிலோ ரயில்வேயிலோ ஒரு வேலை, அதோடு இது என்பதுதான் இப்போதைக்கு நடைமுறை.

ஃபிபாவின் ஸ்கோர் ஷீட்டில் வீரர்களின் பட்டியலுக்குக் கீழே இரண்டு வரிகள் அச்சிட்டிருக்கும். ஒன்று பயிற்சியாளர் பெயருக்கு. அடுத்தது முதல் துணைப் பயிற்சியாளர் பெயருக்கு. நம்மூர் பள்ளி ஆட்டங்களில் அந்த இரண்டாவது வரி பெரும்பாலும் காலியாகவே மேஜைக்குப் போகிறது.